கணினி கேள்வி–பதில்: ஃபார்மட் அடிக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மஞ்சள் மொத்த வியாபாரம் செய்கிறோம். திங்கட்கிழமை காலை பில்லிங் கம்ப்யூட்டரில் எக்செல், பிடிஎஃப், டேலி எதுவுமே திறக்கவில்லை. ஃபைல் பெயர்களின் கடைசியில் புரியாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு கடிதம். 980 டாலர் கேட்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 490 போதுமாம். ஒரு சர்வீஸ்காரர் ஃபார்மட் பண்ணுவதைத் தவிர வழியில்லை என்கிறார். இன்னொருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் டேட்டாவை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?
– ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் வேண்டாம். முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை, ‘சரியாக இருக்கிறதா பார்ப்போம்’ என்று இந்த மெஷினில் செருகிவிடாதீர்கள், அதையும் பூட்டிவிடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அந்தத் தொகையும் கெடுவும் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வகையின் வழக்கமான கடிதம். பெரும்பாலும் கிராக் செய்த (லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு) சாஃப்ட்வேரோடு சேர்ந்துதான் உள்ளே வரும். கடிதத்தின் கடைசியில் ‘பர்சனல் ஐடி’ என்று நீளமாக ஒரு குறியீடு இருக்கும். அது ‘டி’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்திலும் 1 என்ற எண்ணிலும் முடிந்தால், அந்த ஃபைல்கள் ‘ஆஃப்லைன் கீ’யால், அதாவது பலருக்கும் பொதுவான ஒரு சாவியால் பூட்டப்பட்டவை. எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவச டிகிரிப்டரில் (பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேர்) அந்தக் கீ சேர்ந்திருந்தால் ஃபைல்கள் திறக்கும். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் சேர வாய்ப்பு உண்டு. வேறு மாதிரி முடிந்தால் அது ஆன்லைன் கீ. உங்கள் மெஷினுக்கென்றே தனியாக உருவாக்கியது, குற்றவாளிகளின் சர்வரில்தான் இருக்கும். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வகைகளில் ஆன்லைன் கீயை உள்ளூர்க் கடைக்காரர் யாரும் உடைக்க முடியாது.

எந்த வகை என்று உறுதிப்படுத்த ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016-இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. பூட்டப்பட்ட இரண்டு சிறிய ஃபைல்களையும் அந்தக் கடிதத்தையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினால் வகையையும், டிகிரிப்டர் இருக்கிறதா என்பதையும் சொல்லும். வாடிக்கையாளர் விவரம் உள்ள ஃபைலை ஏற்ற வேண்டாம்.

இப்போது 40,000 கேட்டவரிடம் வருவோம். ‘இது எந்த வகை, ஆஃப்லைன் கீயா ஆன்லைன் கீயா?’ என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் ‘எங்களிடம் தனி டூல் இருக்கிறது’ என்று மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். ‘ஒரு ஃபைலைத் திறந்து காட்டுகிறேன், பிறகு நம்புங்கள்’ என்றாலும் மயங்க வேண்டாம். இந்தக் கும்பலே கடிதத்தில் ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து தருவதாக எழுதியிருக்கும். அதை வாங்கிக் காட்டிவிட்டு, உங்கள் பணத்தில் அவர்களிடம் பேரம் பேசி இடையில் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்தாறு ஃபைல்களை, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

ஃபார்மட் என்றவர் சொல்வதில் பாதி சரி. விண்டோஸை மறுபடி போட்டே ஆக வேண்டும், ஆனால் அந்த டிஸ்க்கில் அல்ல. புதிதாக ஒரு எஸ்எஸ்டி (வேகமான வகை டிஸ்க்) வாங்கி அதில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, கவரில் போட்டு உங்கள் பீரோவில் வையுங்கள். நாளை கீ வந்தால் அந்த டிஸ்க் வேண்டும். இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்தில் சுமார் 150 கேபி மட்டும்தான் பூட்டும். அதனால் பெரிய டேட்டாபேஸ் ஃபைல்களில் மீதியை மீட்கத் தெரிந்தவர்கள் கொஞ்சமாவது எடுத்துத் தர முடியும். ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்ட டிஸ்க்கில் அதற்கும் பெரும்பாலும் வழியிருக்காது.

நம்பகமான ஆளை எங்கே தேடுவது? கூகுளில் அல்ல. உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள்; அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவருக்குக் கணக்கு டேட்டாவின் அருமை தெரியும். அடுத்து, டேலி வாங்கிய பார்ட்னர். மூன்றாவதாக, பக்கத்துக் கடைக்காரர்களிடம் ‘யார் நல்லவர்?’ என்று கேட்காமல் ‘டேட்டா போனபோது யார் மீட்டுக் கொடுத்தார்?’ என்று கேளுங்கள். வருகிறவர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கும் கேள்வியிலேயே ஆளைக் கணித்துவிடலாம். டேட்டா எங்கே இருக்கிறது, பேக்கப் கடைசியாக எப்போது, வேறு எந்த மெஷின் இதோடு ஷேரிங்கில் இருக்கிறது என்று கேட்பவர் வேலை தெரிந்தவர். கேட்காமலே பென் டிரைவை எடுத்துச் செருகுகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சர்வீஸ் ஆட்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி செய்துவிட்டு ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்பார்கள். டேலிபிரைம் டேட்டா வழக்கமாக அங்கே இருக்காது. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்று போனால் 10000 போன்ற எண் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. தனி பில்லிங் சாஃப்ட்வேர் என்றால் பெரும்பாலும் அதன் டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்திய பிறகே ஃபைலைக் காப்பி எடுக்க முடியும். மெஷினை வெளியே கொடுத்தால் அதன் சீரியல் எண்ணும் டிஸ்க்கின் சீரியல் எண்ணும் எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள்.

இந்த வகை பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் கூடவே கொண்டுவருவது உண்டு. அதனால் ஜிஎஸ்டி தளம், நெட் பேங்கிங், மெயில் பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறு கம்ப்யூட்டரிலிருந்து இன்றே மாற்றுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் கொடுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது. நேரம் கடந்திருந்தாலும் அனுப்புங்கள். கணக்கு திரும்பவே வராவிட்டால் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 2பி (கொள்முதல் வரி விவரம்), இ-வே பில், வங்கி ஸ்டேட்மென்ட் நான்கையும் இறக்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். பில் வாரியாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதியைத் திருப்பி எழுதிவிடலாம். ஜிஎஸ்டி சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்கு, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வரை உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகி, ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், மைக்ரோசாஃப்டை அழையுங்கள்’ என்று ஒரு நம்பர் வந்தது. எங்கள் ஊழியர் அழைத்து எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விடும் சாஃப்ட்வேர்) எண்ணையும் கொடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் சந்தேகப்பட்டு பிளக்கைப் பிடுங்கினார். ஆபத்து உண்டா?
– தூத்துக்குடி வாசகி

பதில்: உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. அது வெறும் வெப்சைட் பக்கம், போன் பண்ணும் வரை உங்கள் மெஷினில் எதுவும் இருந்திருக்காது. எனிடெஸ்க் கொடுத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. பணம் போயிருந்தால் முதல் வேலை 1930, உடனே வங்கி. மெஷினை இணையம் இல்லாமல் திறந்து எனிடெஸ்க்கையும், அன்றைய தேதியில் இன்ஸ்டால் ஆன மற்றவற்றையும் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடத்தில் முடிக்கும். நெட் பேங்கிங் செய்யும் மெஷின் என்றால் நாங்கள் ஸ்கேனோடு விடமாட்டோம், விண்டோஸையே மறுபடி போட்டுவிடுவோம்.

கேள்வி: வைரஸ் எடுக்க வந்தவர் ‘லைஃப்டைம் விண்டோஸ்’ இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். நல்லவர்தானே?
– கரூர் வாசகர்

பதில்: செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அது பெரிய கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் முறை. உங்கள் கடையில் அப்படி ஒரு சர்வர் இல்லையென்றால் கிராக் போட்டிருக்கிறார். கிராக் ஓட வேண்டும் என்பதற்காக டிஃபென்டரில் ‘இந்த இடத்தைச் சோதிக்காதே’ என்று விலக்கும் கொடுத்துவிடுவார்கள். வைரஸ் செட்டிங்ஸில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். அதில் சி டிரைவ் முழுவதும் இருந்தால், காவல்காரருக்குச் சம்பளம் கொடுத்துக் கண்ணைக் கட்டி உட்கார வைத்த கதைதான். பிராண்டட் மெஷினாக இருந்தால் ஒரிஜினல் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும்; அதே எடிஷனைப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகும்.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. வைரஸ்தானா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: பெரும்பாலும் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் ஸ்கேன் எதுவும் ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை முழு ஸ்கேன் இன்னும் சீக்கிரம் சாகடிக்கும். முதலில் டேட்டாவை எடுங்கள்.