கணினி கேள்வி – பதில்: 18.5 கிலோ எப்படி 8 கிலோ ஆனது?

(சி மொழியின் பங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி, இடைக்கோடு போட்டு அச்சிட்டிருக்கிறோம். நிரலில் இடைக்கோடு வராது.)

கேள்வி: தேயிலைக் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) வைப்பதற்காக ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் ஒரு தராசு செய்கிறோம். எடையை எடுத்த பிறகு, தொழிலாளியின் பெயரை, சரத்தை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கும் ஸ்டர்-கொப்பி மூலம் 16 பைட் இடத்தில் போடுகிறோம். பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான். சில பேருக்கு மட்டும் 18.5 கிலோ 8.0 என்று விழுகிறது. எடையை உணரும் லோட் செல்லை மாற்றியும் சரிவரவில்லை.
– மாணவர் குழு, ஹட்டன்

பதில்: பழைய லோட் செல்லையே மாட்டுங்கள், அதில் பிழையில்லை. நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரக்டில் (பல தரவுகளை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பில்) முதலில் 16 பைட் பெயர், அதை ஒட்டியே 4 பைட் ஃபுளோட்டாக (தசம எண்ணாக) எடை. ஸ்டர்-கொப்பிக்குச் சேருமிடம் எவ்வளவு பெரியது என்று தெரியாது. மூலத்தில், சரத்தின் முடிவைக் காட்டும் பூச்சியப் பைட் வரும் வரை எழுதிக்கொண்டே போகும். 18 எழுத்துப் பெயருக்கு முடிவுப் பூச்சியத்தோடு 19 பைட் வேண்டும். மிஞ்சும் 3 பைட்டும் எடையின் மேல் விழுகின்றன.

18.5 என்ற ஃபுளோட் நினைவகத்தில் பதினறும எண்களில் 00, 00, 94, 41 என்ற வரிசையில் கிடக்கிறது. முதல் இரண்டின் மேல் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும், 94 இருந்த இடத்தில் முடிவுப் பூச்சியமும் வந்து உட்காருகின்றன. 94இல்தான் அடுக்கெண்ணின் (எண் 2இன் எந்த அடுக்கில் நிற்கிறது என்று காட்டும் பகுதியின்) கடைசி பிட் இருக்கிறது. அது அழிந்ததும் 16இன் மடங்காக இருந்த எண் 8இன் மடங்காக இறங்கி, 8.02 அளவில் நிற்கிறது.

இதில் மோசமானது 16, 17 எழுத்துப் பெயர்கள்தான். 16 எழுத்தென்றால் ஏற்கெனவே பூச்சியமாக இருந்த பைட்டில் இன்னொரு பூச்சியம் விழுகிறது. 17 என்றால் 18.5 என்பது 18.5002 போல ஆகும், திரையில் தெரியாது. பரீட்சித்துப் பார்த்தவர்கள் எல்லாம் சரி என்று நம்பிவிடுவார்கள். 19 எழுத்துப் பெயர் வந்தால் 41 இருந்த இடத்திலும் பூச்சியம் விழுந்து, எடை திரையில் 0 என்றே தெரியும். ஊனோவில் நினைவகப் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை, ஆகவே நிரல் நிற்காது. ஒரு பெண் மலையேறிப் பறித்த பத்து கிலோ கொழுந்து செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) சத்தமில்லாமல் குறைந்துபோகும்.

திருத்தம் இதுதான். எல்சிடி 16 எழுத்து காட்டுமென்றால் பெயரின் அணி (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்) 17 பைட்டாக இருக்கட்டும். ஸ்டர்-கொப்பியை எடுத்துவிட்டு ஸ்டர்-எல்-கொப்பியைப் பாவியுங்கள். ஆர்டுயினோவின் நூலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. சேருமிடம், மூலம், சேருமிடத்தின் சைஸ்-ஒஃப் (பைட் அளவு) என்று மூன்றைக் கொடுக்க வேண்டும். அது திருப்பித் தருவது மூலத்தின் முழு நீளம். அந்த எண் 17 அல்லது அதற்கு மேல் என்றால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். முதல் 16 எழுத்தும் ஒன்றாக உள்ள இரண்டு பேர் ஒரே டிவிஷனில் இருந்தால், வெட்டிய பெயரை வைத்துச் சம்பளம் போட முடியாது. கணக்குக்குப் பதிவு எண்ணை எடுங்கள், பெயர் திரைக்கு மட்டும்.

இன்னொன்று: ஸ்டர்-எல்-கொப்பியும் மூலத்தின் முடிவுப் பூச்சியத்தை நம்பியே ஓடுகிறது. சீரியல் இணைப்பு வழியாக ரீட்-பைட்ஸ் கொண்டு பெயரை வாங்கினால், அது பூச்சியம் போட்டுத் தராது. பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தின்) அளவில் ஒன்று குறைத்து வாசித்து, வந்த எண்ணிக்கை காட்டும் இடத்தில் நீங்களே பூச்சியத்தை வையுங்கள்.

மடிக்கணினியில் இதைச் சோதிக்கும்போது, நினைவகப் பிழைகளைத் தேடும் அட்ரஸ் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்கு வழிவதை அது பிடிக்காது. ஜிசிசி கொம்பைலரில் ஓ2 மட்டத்தில், ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்புத் தெரிவை 2 என்று வைத்துத் தொகுத்தால், 17ஆவது பைட்டிலேயே நிரல் நிறுத்தப்படும்.

கேள்வி: ஸ்டர்-என்-கொப்பி பாதுகாப்பானது என்று வகுப்பில் படித்தோம். அது போதாதா?
– மாணவி, பண்டாரவளை

பதில்: போதாது. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஆரம்பகால யுனிக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு அடைவில் 14 பைட் இடம் இருந்தது. பெயர் குட்டையாக இருந்தால் மிச்சம் முழுவதும் பூச்சியம், சரியாக 14 என்றால் முடிவுப் பூச்சியமே கிடையாது. இப்படிப்பட்ட நிலையான கட்டங்களை நிரப்பப் பிறந்ததுதான் ஸ்டர்-என்-கொப்பி. ஆகவே 16 பைட் இடத்தில் 16 எழுத்துப் பெயரைப் போட்டால் அது முடிவில்லாத சரம். அதை அச்சிடும்போது பக்கத்து நினைவகமும் சேர்ந்து வாசிக்கப்பட்டு, பெயரின் வாலில் குப்பை தொங்கும். மறுபக்கம், 5 எழுத்தை 512 பைட் பஃபரில் போட்டால் 507 பூச்சியங்களை எழுதிக்கொண்டிருக்கும்.

கடைசி பைட்டில் கையால் பூச்சியம் வைத்தால் வழிவது நிற்கும், ஆனால் வெட்டுப்பட்டதா என்று தெரியாது. ஸ்டர்-எல்-கொப்பி 1998இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்தது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி அதை 2023இல், 2.38 பதிப்பில்தான் சேர்த்தது. உபுண்டு 24.04இல் இருக்கிறது, 22.04இல் இல்லை.

இல்லாத இடத்தில் எஸ்என்-பிரின்ட்-எஃப் கைகொடுக்கும். வடிவமாக "%எஸ்" என்று கொடுத்து, பெயரை அதற்குப் பின்னால் கொடுங்கள். பெயரையே வடிவமாகக் கொடுத்தால், உள்ளே ஒரு % வந்த அன்று நிரல் கண்ட இடத்தை வாசிக்கும். திரும்பி வரும் எண் எதிர்மறை என்றால் பிழை. பஃபரின் அளவுக்குச் சமமோ கூடவோ என்றால் வெட்டு. ஊனோவில் மட்டும் கவனம்: அங்கே இதன் "%எஃப்" இயல்பாக வேலை செய்யாது, எடையின் இடத்தில் கேள்விக்குறிதான் வரும்.

கேள்வி: சொன்னபடி சைஸ்-ஒஃப் போட்டேன். பெயரின் முதல் எழுத்து மட்டும் வருகிறது.
– பதுளை வாசகர்

பதில்: கொப்பி பண்ணும் வேலையைத் தனிப் பங்ஷனுக்குள் வைத்திருக்கிறீர்கள். அணியைப் பங்ஷனுக்கு அனுப்பினால் போவது பொயின்டர் (அணி இருக்கும் இடத்தின் முகவரி) மட்டுமே. ஊனோவில் பொயின்டருக்கு 2 பைட், ஆகவே ஓர் எழுத்தும் பூச்சியமும். அதே நிரல் 64 பிட் கணினியில் 7 எழுத்து காட்டும். அணி அறிவிக்கப்பட்ட இடத்திலேயே சைஸ்-ஒஃப் எடுத்து, அளவை இன்னொரு அளபுருவாகச் சேர்த்து அனுப்புங்கள். ஆர்டுயினோ மென்பொருளின் விருப்பங்களில் கொம்பைலர் எச்சரிக்கைகளை முழுமையாகத் திறந்தும் வையுங்கள்.

கேள்வி: கணினிப் பதிப்பில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். 20 பைட் கட்டத்தில் "தலவாக்கலை" உடைந்துபோகிறது. ஆறு எழுத்துதானே?
– தலவாக்கலை வாசகர்

பதில்: கண்ணுக்கு ஆறு. யூனிகோடில் ஒன்பது: ஆகாரக் கால், புள்ளி, ஐகாரக் கொம்பு ஆகியவை தனித்தனிக் குறிகள். யூனிகோடை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27, முடிவுப் பூச்சியத்தோடு 28. "நுவரெலியா"வுக்கும் அதே 28தான், "ஹப்புத்தளை"க்கு 31. உங்கள் 20இல் 19 பைட்டே எழுத்துக்கு. "தலவாக்" 18ஐ எடுத்துக்கொள்ள, அடுத்த "க"வின் முதல் பைட் அனாதையாகக் கிடக்கிறது.

கட்டத்தை 64 ஆக்குங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால், மூலத்தில் வெட்டுக்கு அடுத்து வரும் பைட்டைப் பாருங்கள். அது பதினறுமத்தில் 80க்கும் பிஎஃப்-க்கும் இடையில் இருந்தால் ஒரு குறியின் நடுவே நிற்கிறீர்கள். அந்த வரம்புக்கு வெளியே உள்ள பைட் வரும் வரை பின்னால் நகர்ந்து, சேருமிடத்தில் அதே எண்ணுள்ள இடத்தில் பூச்சியத்தை வையுங்கள். இதன் பிறகும் "லை"யின் கொம்பு கழன்று "ல" மட்டும் நிற்கலாம். ஆகவே வெட்டு விழப் போகிற குறி உயிர்க்குறியோ புள்ளியோ என்றால், அதற்கு முன்னுள்ள மெய்யையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: வரியின் முன்னால் உள்ள வெற்றிடங்களை நீக்க, அதே பஃபருக்குள் ஸ்டர்-கொப்பி போடலாமா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: கூடாது. மூலமும் சேருமிடமும் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்தால் ஸ்டர்-கொப்பியும் மெம்-கொப்பியும் என்ன செய்யும் என்று சி மொழி உறுதி தருவதில்லை. ஒரு கணினியில் சரியாக வரும், இன்னொன்றில் எழுத்துகள் குழம்பும். படர்ந்தாலும் சரியாக நகர்த்தும் மெம்-மூவ் போடுங்கள். எண்ணிக்கையாக, மிஞ்சிய பகுதியின் ஸ்டர்-லென்னுடன் (சரத்தின் நீளத்துடன்) ஒன்றைக் கூட்டிக் கொடுங்கள். அந்த ஒன்றை விட்டால் முடிவுப் பூச்சியம் பழைய இடத்திலேயே நின்று, பழைய வரியின் வால் ஒட்டிக்கொண்டு வரும்.