சமன்பாட்டை விட்டுவிட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

"கணக்கைக் கணினியே ஊகித்துவிடும் காலத்தில், பயன்பாட்டுக் கணிதம் படிக்கும் என் மகளுக்கு என்ன வேலை மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்பிரிவை மாற்றிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. மாற்ற வேண்டாம்.

இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கெல்லாம் சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றைத் தீர்ப்பதற்குத்தான் மீத்திறன் கணினிகள் மணிக்கணக்கில் உழைக்கின்றன. அந்த விடைகளை ஏராளமாகக் காட்டிச் செயற்கை நரம்பு வலை ஒன்றைப் பழக்கினால், அடுத்த விடையை அது நொடிகளில் தந்துவிடும். முழுக் கணக்குக்குப் பதிலாக நிற்பதால் இதைப் பதிலி மாதிரி என்கிறோம். 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட் என்ற கூகுள் டீப்மைண்டின் வானிலை மாதிரி இப்படித்தான் பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் முன்னறிவிக்கிறது. ஆனால் அது பழகிய நாற்பதாண்டுத் தரவு எப்படி உருவானது தெரியுமா? அளவீடுகளையும் பழைய இயற்பியல் மாதிரியையும் இணைத்து. மாணவன் வேகமாக எழுதுகிறான். பாடம் நடத்தியது சமன்பாடுதான்.

(இது திடீரென முளைத்த துறையும் அல்ல. 1951இலேயே டேனி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளர், தோண்டிய சில இடங்களில் கிடைத்த அளவுகளை வைத்துத் தோண்டாத இடத்தின் தங்க அளவை மதிப்பிட வழி கண்டார். அந்த முறையின் வாரிசுகள் இன்றும் பதிலி மாதிரிகளாக உழைக்கின்றன.)

மகளுக்கு ஆர்வம் உண்டா என்று நீங்கள் ஐயப்படுவதால், ஒரு வாரச் சோதனை சொல்கிறேன். வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸின் மூன்று சமன்பாடுகளை, அவற்றின் மாறிலிகளுக்கு 10, 28, 8/3 என்ற எண்களை இட்டு, பைத்தான் நிரல்மொழியில் தீர்க்கட்டும். 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கி இட்டதால் வானிலையே வேறாகிப்போனதை 1961இல் கண்டவர் அந்த லோரன்ஸ். பிறகு அந்த விடைகளில் சிறிய வலை ஒன்றைப் பழக்கட்டும். தொடக்கத்தில் சமன்பாட்டின் கோடும் வலையின் கோடும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைகூட ஏழெட்டுக் கால அலகுகளில் முழு அலகாக வளர்ந்து, கோடுகள் பிரிந்துவிடும். அடுத்து 28ஐ 35 ஆக மாற்றி, வலையை மறுபடி பழக்காமல் கேட்கட்டும். 28இன் உலகத்தையே அது கூசாமல் ஒப்பிக்கும். தனக்குத் தெரியாது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அந்த இடத்தில் "ஏன்?" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால், துறை அவளுக்குரியது. பதிலி மாதிரியை ஓட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடுவார். அது எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பவர் கிடைப்பதுதான் அரிது.

எண்முறைப் பகுப்பாய்வு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் அவள் தட்டிக்கழிக்கக் கூடாது. மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் ஆராய்ச்சிப் பணிகளில் கதவு பெரும்பாலும் திறக்காது. முதுநிலைக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். வேலை விளம்பரங்களில் "பதிலி மாதிரி" என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சிமுலேஷன், டிஜிட்டல் இரட்டை (digital twin), நிச்சயமின்மை அளவிடல் (uncertainty quantification) போன்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு, 28க்கும் 35க்கும் வந்த அந்த இரண்டு வரைபடங்களையும் அவளே எடுத்து வரட்டும்.