அப்பாயியைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: என் அப்பாயி போன மாசியில் காலமானார். வருஷ திதிக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போட்டு உறவுக்காரர்களுக்கும் தெருவாருக்கும் கொடுக்கலாம் என்கிறார் அப்பா. எழுதும் பொறுப்பு என் தலையில். உட்கார்ந்தால் ‘அன்பானவர், கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாதவர்’ என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. பிறந்த வருஷம்கூடத் தெரியாது. ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. கஜா புயலின்போது எங்கள் தெருவே அப்பாயி கையால்தான் சாப்பிட்டது. எங்கிருந்து தொடங்கட்டும்?
– ஒரு வாசகி, பேராவூரணி அருகில்

பதில்: கஜா புயல் வரியிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறீர்கள்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் உங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு தெருவுக்கே உலை வைத்தார் என்றால், அரிசி எது? ரேஷன் அரிசியா, விதைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்திருந்த நெல்லா? விழுந்த மட்டையெல்லாம் ஈரமாகக் கிடந்திருக்குமே, அடுப்பை எதைப் போட்டு மூட்டினார்? அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தூக்கி வந்தது யார்? முதல் நாள் என்ன குழம்பு? யார் வீட்டு ஆட்கள் வரக் கூச்சப்பட்டார்கள், அவர்களை எப்படிக் கூப்பிட்டார்? இதையெல்லாம் விசாரித்து எழுதினாலே நாலு பக்கம் வரும். ‘இல்லையென்று சொல்லாதவர்’ என்று தனியாக எழுத வேண்டிய அவசியம் இருக்காது.

விசாரிப்பதை உறவுக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் நான் வளர்ந்த தெருவில், எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆயா இருந்தார். சொந்தமில்லை, ஆனால் என்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர்தான். அக்கம்பக்கத்தில் அரிசி கைமாற்று கேட்டால் படியைக் குவித்து அளந்து கொடுப்பார். திருப்பிக் கொண்டுவந்தால் உள்ளங்கையால் தலைதட்டி, மிச்சத்தை வந்தவர் பாத்திரத்திலேயே தள்ளிவிடுவார். பாத்திரத்தையும் வெறுமனே அனுப்பமாட்டார். ஒன்றுமில்லை என்றால் ஒரு கொத்து முருங்கைக் கீரை. விளக்கு வைத்த பிறகு உப்பும் மோரும் வெளியே கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது வந்து நின்றால், “சாமி கோவிச்சுக்காது, நீ கொண்டு போ” என்று எடுத்துக் கொடுப்பார்.

இவ்வளவும் அவர் வீட்டாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைக் கருமாதி அன்று பின்தெருவிலிருந்து வந்த ஓர் அம்மாள் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நின்றுபோகும் நாட்களில், ஆயா அவரைக் கூப்பிட்டனுப்புவாராம். “அரிசியில கல்லும் குருணையுமா கெடக்கு, கொஞ்சம் பொடச்சுக் குடுத்துட்டுப் போடி.” முறத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு குருணைகூட விழாதாம். ஏற்கெனவே புடைத்த அரிசி! ஆனாலும் பொறுமையாகப் புடைக்கவிட்டு, கூலி என்று இரண்டு படி அளந்து கொடுப்பாராம். “எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும். ஒருநாளும் பேசிக்கிட்டதில்ல” என்று சொல்லி அந்த அம்மாள் அழுதார். ஆயாவின் மகனுக்கே அன்றைக்குத்தான் தெரியும். கொடுத்தவர் சொல்லமாட்டார், வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். அதனால் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் உட்காருங்கள். பின்தெருவுக்கும் போங்கள்.

கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் வரப்புக்காக யாரோடாவது பேசாமல் இருந்திருப்பார், மருமகளிடம் கடிந்து விழுந்திருப்பார். அதையும் எழுதினால்தான் படிப்பவர்களுக்கு “ஆமாம், இது அவுகதான்” என்று தோன்றும். அவர் பேச்சை அவர் பேசியபடியே போடுங்கள். திருத்தி எழுத்துத் தமிழாக்க வேண்டாம்.

பிறந்த வருஷத்துக்கு ரேஷன் கார்டை நம்பாதீர்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு அதில் இருப்பது பெரும்பாலும் குத்துமதிப்பான வயதுதான். பழைய டிரங்குப் பெட்டியில் ஜாதகம் இருக்கிறதா பாருங்கள். அதில் தமிழ் வருஷத்தின் பெயர் இருக்கும். தாது என்றிருந்தால் 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை. அதிலேயே தை, மாசி என்றிருந்தால் 1937 என்று கொள்ள வேண்டும். ஜாதகம் இல்லையென்றால் டெல்டாக்காரர்களுக்குப் புயல்தான் கணக்கு. 1952 கார்த்திகைப் புயலின்போது அப்பாயி பாவாடை கட்டிய பிள்ளையா, கல்யாணமாகி வந்துவிட்டாரா? 1977 ஐப்பசிப் புயலின்போது உங்கள் அப்பாவுக்கு என்ன வயது? அப்பாயியை விட மூத்தவர் ஒருவர் உறவில் இருந்தாலும் போதும், இரண்டு மூன்று வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடும். அப்புறமும் உறுதியில்லை என்றால் ‘புயலுக்கு முந்தி’ என்றே அச்சிடுங்கள்.

இன்னொன்று. கஷ்டகாலத்தில் அப்பாயியிடம் வாங்கியவர்கள் உங்களிடம் மனம்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரையோ வீட்டு அடையாளத்தையோ போடாதீர்கள். ‘பின்தெருவில் ஒரு வீட்டுக்கு’ என்றால் போதும். அதைப் படிக்கப்போவது அதே தெரு. அவர்களின் பேரப்பிள்ளைகள் கையிலும் புத்தகம் போகும்.

திதி ஆங்கிலத் தேதிப்படி வராது. மாசியில் அது வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று பஞ்சாங்கம் பார்த்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் கொடுக்குமுன் ஒருமுறை உங்கள் அப்பாவை உட்காரவைத்து முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். திருத்தம் இருந்தால் அவர் சொல்வார்.