டிக்கெட்டில் என்ன எழுதுவது?

ஐயா,

வணக்கம். எச்எஸ்சி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் டிகிரி படி என்கிறார்கள். எனக்கு ஐடி சப்போர்ட்டில் சேர ஆசை. ரோஸ் ஹில்லில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, ஐட்டில் என்ற நான்கு ஐடி சர்டிஃபிகேட்டுகளையும் ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் பெரிது, அம்மா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சேரலாமா? ஏஐ வந்து இந்த வேலையே போய்விடும் என்று மாமா சொல்வது உண்மையா? நீங்கள் எபேன் ஐடி நகரத்தில் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அப்புறம் என் லேப்டாப் சரியாக வேலை செய்யவில்லை, என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள தம்பி,

அம்மாவைக் கடன் வாங்க விடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேச ஆரம்பித்தால் வேறெங்காவது போய்விடுவேன்.

ஏ பிளஸ் என்பது காம்ப்டியா என்ற நிறுவனம் நடத்தும் அடிப்படை ஐடி சப்போர்ட் தேர்வு. அதை எழுத எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோர் 1, கோர் 2 என்று இரண்டு தாள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. 900க்கு முதல் தாளில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் பாஸ். தேர்வுக் கட்டணம் தாளுக்கு 200 டாலருக்கு மேல், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் பாடத்திட்டம் காம்ப்டியா தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் லேர்ன் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியிலும் இலவசப் பாடங்கள் உண்டு. ஒரு தாளை எழுதி முடித்த பிறகு அடுத்ததற்குப் பணம் கட்டினால் போதும். ஐடி சேவையை நடத்தும் முறைகளைச் சொல்லும் ஐட்டிலுக்கு இப்போது அவசரம் இல்லை, 40 கேள்வியில் 26 சரியாக இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற அதன் முதல்நிலை சர்டிஃபிகேட் கிடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்தபின் கம்பெனியே எழுத வைக்கும், பயிற்சிச் செலவில் ஒரு பகுதியை எச்ஆர்டிசி என்ற மனிதவள மேம்பாட்டுக் கவுன்சிலிடமிருந்து திரும்பப் பெற அவர்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த வழி இல்லை.

இன்னொன்று, சர்டிஃபிகேட்டுக்கும் ஆயுள் உண்டு. ஏ பிளஸ் மூன்று வருடம், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் எம்சிஎஸ்இ என்ற மைக்ரோசாஃப்ட் சர்டிஃபிகேட் என்றால் கல்யாணப் பேச்சில்கூட மரியாதை கிடைக்கும், 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. டிகிரி? படியுங்கள், வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள், அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்கு 2019 முதல் கட்டணம் இல்லை. மாமாவிடம், பிரிண்டரில் சிக்கிய தாளை ஏஐ வந்து உருவும் அன்று பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. லேப்டாப் ‘சரியாக வேலை செய்யவில்லை’, ‘என்னென்னவோ’ செய்து பார்த்தீர்கள். எந்த லேப்டாப், என்ன விண்டோஸ், எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது, திரையில் என்ன வருகிறது, நீங்கள் செய்த அந்த என்னென்னவோ எவையெவை? ஒன்றும் இல்லை. ஹெல்ப் டெஸ்க்கில் ஒவ்வொரு புகாருக்கும் போடுகிற பதிவுக்கு டிக்கெட் என்று பெயர். ஐடி சப்போர்ட்டில் சேர ஆசைப்படுகிற பையன் எழுதுகிற டிக்கெட்டா இது? எபேனில் ஒரு டீமை நடத்தும் நண்பர் போன வாரம்தான் இதையே புலம்பிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சர்டிஃபிகேட் கற்றையாக இருக்கிறதாம், டிக்கெட்டை மட்டும் ‘ரெசோலு’, அதாவது பிரெஞ்சில் ‘தீர்ந்தது’, என்று ஒற்றைச் சொல்லில் மூடுகிறார்களாம். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம், உங்கள் கடிதத்தின் தலையில் விடிகிறது.

நான் இருந்த இடத்தில் பிரான்ஸ் வாடிக்கையாளர்கள்தான். அவர்களுக்கும் நமக்கும் கோடையில் இரண்டு மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் மூன்று, அதனால் அவர்களுடைய ஆபீஸ் மாலை நமக்கு ராத்திரி. காலையில் ஆரம்பித்த பிரச்சினையை வேறொருவர் ராத்திரியில் முடிப்பார். இருவரும் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள், நடுவில் இருப்பது டிக்கெட் மட்டும்தான். லியோனில் ஒரு கணக்காளர் அம்மா, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்று கூப்பிடுவார். எங்கள் ஆட்கள் பாஸ்வேர்டை மாற்றி, ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, ‘ரெசோலு’ போட்டு மூடுவார்கள். பழைய டிக்கெட்டுகளைத் திறந்து பார்த்தால் அத்தனையிலும் அதே ஒரு சொல். அந்த அம்மாவை ஞாபகமறதிக்காரர் என்று கேலி பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கணக்கெழுதிவிட்டு எங்களிடம் வந்த ஒரு பெண் அந்த அழைப்பை ஒருநாள் எடுத்தார். பாஸ்வேர்டைத் தொடவில்லை. எப்போது நுழைய முடிகிறது, எப்போது முடியவில்லை என்று கேட்டார். காலையில் முடிகிறது, மதியம் திரையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் முடியவில்லை. பாஸ்வேர்ட் பெட்டியில் கண் படத்தை அழுத்திக்கொண்டு கீபோர்டின் மேல்வரிசையில் முதல் ஆறு எழுத்தைத் தட்டச் சொன்னார். அஸெர்ட்டி என்று விழ வேண்டியது க்வெர்ட்டி என்று விழுந்தது. பிரெஞ்சு கீபோர்டு, ஆனால் விண்டோஸில் ஆங்கில லேஅவுட்டும், அதாவது ஆங்கில எழுத்து வரிசையும், இருந்திருக்கிறது, வேலை நடுவில் எப்படியோ விரல் பட்டு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்ததும் அது பிரெஞ்சுக்குத் திரும்பிவிடும், எங்கள் ஆட்கள் பாஸ்வேர்டை மாற்றியதால்தான் சரியானது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் கண்டுபிடித்ததைவிட, அதை எழுதிவைத்த விதத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். என்ன புகார், எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, என்ன சோதித்தேன், என்ன தெரிந்தது, என்ன மாற்றினேன், எதை மாற்றவில்லை, அந்த அம்மா இரண்டு தடவை பூட்டித் திறந்து பார்த்து உறுதிசெய்தார். எளிய பிரெஞ்சில் எட்டு ஒன்பது வரி. அடுத்து வந்த தைப்பூசத்துக்கு நமக்கு அரசு விடுமுறை, பிரான்ஸுக்கு ஏது காவடி, போன் அடித்துக்கொண்டுதான் இருக்கும். பாதிப் பேர் கோவிலில், டெஸ்க்கில் ஒரு புதுப் பையன். அந்த லியோன் அம்மாவின் கம்பெனியில் வேறொருவருக்கு அதே தொல்லை. பையன் தேடினான், அந்தக் குறிப்பு கிடைத்தது, யாரையும் கூப்பிடாமல் முடித்துவிட்டான்.

இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, பாடத்திலேயே இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஏ பிளஸ் நெடுங்காலமாகச் சொல்லித்தரும் ஆறு படிகளில் ஆறாவது, கண்டதையும் செய்ததையும் முடிவையும் எழுதிவை என்பதுதான். கோர் 2 தாளில் டிக்கெட், ஆவணம், பேசும் முறை எல்லாம் அடங்கிய பகுதிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிக மதிப்பெண். எல்லோரும் ரேம் வகையையும் போர்ட் எண்ணையும் உருப்போட்டுவிட்டு இந்தப் பகுதியைக் கடைசி ராத்திரிக்கு ஒதுக்குகிறார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், அதில் ஒரு லினக்ஸை ஏற்றி, மேலே ஓஎஸ்டிக்கெட் என்ற டிக்கெட் மென்பொருளை நிறுவுங்கள். அதுவும் இலவசம். வெப் சர்வர், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் மூன்றையும் அமைத்தால்தான் அது ஓடும், அந்த மல்லுக்கட்டிலேயே பாதிப் பாடம் வந்துவிடும். பிறகு அக்கம்பக்கத்துப் போன், சித்தியின் வைஃபை, சங்கத்து பிரிண்டர், எதைச் சரிசெய்தாலும் ஒரு டிக்கெட் போடுங்கள். சரிசெய்ய முடியாததற்கும் போடுங்கள். இன்டர்வியூவுக்கு அதைத் திறந்து காட்டுங்கள். முதல் டிக்கெட் உங்கள் லேப்டாப்பாக இருக்கட்டும், எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தீவில் உங்கள் வயதில் ஒரு பிள்ளை பிழையில்லாத தமிழில் இவ்வளவு எழுதியனுப்பியதைப் பார்த்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எழுத வருகிறவரிடம்தானே உரிமையோடு கேட்க முடியும்.

அந்த இன்ஸ்டிட்யூட் மேல் இன்னும் ஆசை இருந்தால், ஏ பிளஸ் மட்டும் தனியாகச் சேர முடியுமா, இரண்டு தாளின் தேர்வுக் கட்டணமும் அந்தத் தொகைக்குள் அடக்கமா, ஒன்றில் தவறினால் மறுபடி எழுத யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள். போனில் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் நீங்கள் ரோஸ் ஹில்லுக்குக் கிளம்பவே வேண்டாம்.