ரம்மி மட்டும்தான் தெரியும், போக்கர் ஆடுவது எப்படி?

நானும் ரம்மி ஆடித்தான் இதற்கு வந்தேன், அதனால் ரம்மிக்காரருக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

பாம்பனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பகலெல்லாம் வலை சரிபார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அங்கே சீட்டுக்கட்டைப் பிரிப்போம். கப்பல் வேலைக்குப் போய்வந்த மச்சான்தான் போக்கரைச் சொல்லிக் கொடுத்தார்.

காசு வைத்து ஆடமாட்டோம், ஆளுக்கு 50 சோழி. தடைக்கால நிவாரணத்தை செல்போன் சீட்டாட்டத்தில் ஒரே ராத்திரியில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் வட்டிக்கு அலைந்தவரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்ததில் எனக்கு நிம்மதி.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். போக்கரில் பல வகை உண்டு. நான் சொல்வது டெக்ஸாஸ் ஹோல்டம். ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துப் போட வேண்டும். போடுபவருக்கு இடப்பக்கம் இருப்பவர் 1 சோழி, அதற்கு அடுத்தவர் 2 சோழி, சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்துவிட வேண்டும். இதற்குப் பெயர் பிளைண்ட். இது இல்லாவிட்டால் நல்ல சீட்டு வரும்வரை எல்லோரும் ஒதுங்கியே இருப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுப் போடும் முறை இடப்பக்கமாக நகரும்.

2 சோழி வைத்தவருக்கு அடுத்தவரிலிருந்து சுற்று தொடங்கும். முன்னவர் வைத்த அளவே வைத்தால் கால், கூட்டி வைத்தால் ரெய்ஸ், சீட்டை விட்டு ஒதுங்கினால் ஃபோல்ட். ரம்மியில் ஸ்கூட் விடுவது போலத்தான் ஃபோல்ட். ஆனால் ஸ்கூட்டுக்குப் பாயின்ட் ஏறும், இங்கே அதுவரை வைத்தது மட்டும்தான் போகும். அதனால் தயங்காமல் விடுங்கள். முதல் 2 சீட்டும் ஏஸாக வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான்.

அப்புறம் நடுவில் 3 சீட்டு நிமிர்த்திப் போட்டு ஒரு சுற்று, 4-வது சீட்டு போட்டு ஒரு சுற்று, 5-வதுக்குக் கடைசிச் சுற்று. ஃப்ளாப், டர்ன், ரிவர் என்பது இவற்றுக்குத்தான். இந்தச் சுற்றுகளில் யாரும் எதுவும் வைக்காதவரை செக் என்று சொல்லி அடுத்தவருக்கு விடலாம். நடுவில் கிடப்பது எல்லோருக்கும் பொது. உங்கள் 2, பொது 5, ஆக 7 சீட்டில் சிறந்த 5 எதுவோ அதுதான் உங்கள் கை. மற்ற எல்லோரும் ஃபோல்ட் ஆகிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே சோழியை அள்ளிக்கொள்ளலாம்.

கைகளின் வரிசையில்தான் ரம்மிக்காரர்கள் தடுமாறுவார்கள். 3 சீட்டு ரன்னுக்கு இங்கே மதிப்பே கிடையாது, 5 சீட்டும் வரிசையாக வர வேண்டும். அதுதான் ஸ்ட்ரெய்ட். அதற்குக் கீழே 3 ஒரே எண், அதற்கும் கீழே 2 ஜோடி, ஒரு ஜோடி, கடைசியில் வெறும் பெரிய சீட்டு. ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலே, 5 சீட்டும் ஒரே பூவாக, அதாவது இஸ்பேட், ஆட்டின் என ஒரே சின்னமாக வரும் ஃப்ளஷ். அதற்கு மேலே 3 ஒரே எண்ணும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், பிறகு 4 ஒரே எண், உச்சியில் ஒரே பூவில் வரிசை. அபூர்வமாக வருவதே பெரிது என்பதுதான் கணக்கு: மொத்தம் 25,98,960 ஐந்து சீட்டுக் கைகளில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744. பூவில் உயர்வு தாழ்வு இல்லை. 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள் ஜாக்கியைப் பெரிதாக நினைக்க வேண்டாம், இங்கே ஏஸ்தான் பெரிது. கை சமமானால் சோழியைப் பங்கு போட வேண்டும்.

ஒரு சாயங்காலம் என்னிடம் இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் 9-ம். நடுவில் இஸ்பேட் கிங், இஸ்பேட் 4, ஆட்டின் 9. உப்புக்காற்றில் நமத்துப்போன சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மச்சான் நகத்தால் பிரித்து 4-வதைப் போட்டார்: டைமன் 4. கடைசியில் இஸ்பேட் 2. ஏஸ் வைத்த ஃப்ளஷ்! இருந்த சோழி அத்தனையையும் தள்ளினேன். மச்சான் நிதானமாகக் கால் சொல்லி, ஆட்டின் கிங்கையும் கிளாவர் 4-ஐயும் திருப்பி வைத்தார். 2 சோழி பிளைண்ட் அவருடையது என்பதால் அந்தச் சுமாரான சீட்டோடு உள்ளே இருந்திருக்கிறார். மூன்று 4, இரண்டு கிங், ஃபுல் ஹவுஸ்.

"நடுவுல ரெண்டு 4 ஜோடியா விழுந்துச்சே, பாத்தியா மாப்ள?" என்றார்.

நான் பார்க்கவில்லை. ரம்மியில் என் 13 சீட்டைக் கோப்பதே வேலையாக இருந்த பழக்கம். நடுவில் ஜோடி விழுந்தாலே யாரிடமோ ஃபுல் ஹவுஸ் இருக்கலாம், ஒரே பூவில் 3 கிடந்தால் ஃப்ளஷ் இருக்கலாம். இது கைவர, முதல் சில நாள் எல்லோரும் 2 சீட்டையும் திறந்து வைத்தே ஆடிப் பாருங்கள். வெளியே உட்கார்ந்தால் சீட்டுக்கு மேல் ஆளுக்கொரு சிப்பி வைத்துக்கொள்ளுங்கள், காற்று தூக்கிவிடும்.