முட்டை இல்லாத கேக்குக்கு முன்னால் ஓர் இட்லித் தட்டு

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, முட்டை ஒத்துக்கொள்ளாது. அடுத்த மாதம் பிறந்தநாள் கேக்கைத் தானே செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்று முட்டை கேட்ட குறிப்பில் மூன்று வாழைப்பழம் போட்டுப் பார்த்தோம். களி மாதிரி வந்தது. வேறு எதைப் போடலாம்?

பதில்: வாழைப்பழத்தைக் குறை சொல்லாதீர்கள், அளவுதான் பிழை. ஒரு முட்டை ஓடு நீங்கலாக 50 கிராம் சொச்சம் இருக்கும். அதற்கு அரைப் பழம், அதாவது மசித்து நான்கு டேபிள் ஸ்பூன் போதும், நீங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரத்தைக் கொட்டியிருக்கிறீர்கள். அதைவிட, மூன்று முட்டை கேட்கிற குறிப்பையே நான் தொடமாட்டேன். அந்த மாதிரி கேக்கில் மாவைப் பிடித்து நிறுத்துவது, காற்றைத் தாங்குவது எல்லாமே முட்டைதான், அதை எடுத்துவிட்டால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு முட்டை கேட்கிற குறிப்பாகப் பாருங்கள்.

எதைப் போடலாம் என்று நான் சொல்வதைவிட மகளே கண்டுபிடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இட்லிப் பாத்திரத்தை எடுங்கள். ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் கப் எண்ணெய், அரை கப் பால். இது ஒரு முட்டைக்கான மாவு. கலந்து நான்கு கிண்ணத்தில் பங்கு போடச் சொல்லுங்கள். ஒன்றில் ஒரு டேபிள் ஸ்பூன் கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும், இன்னொன்றில் அதே ஒரு ஸ்பூன் மசித்த பழம், மூன்றாவதில் அதே ஒரு ஸ்பூன் ஆளிவிதைக் கூழ் (ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறினால் முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று ஆகிவிடும்). நான்காவதில் வெறும் பால் ஒரு ஸ்பூன். இந்த நான்காவதை விட்டுவிடாதீர்கள், மற்ற மூன்றும் என்ன வேலை செய்தன என்று தெரிய அதுதான் அளவுகோல். சோடா பட்டவுடன் நுரைக்கத் தொடங்கிவிடும், உடனே குழியில் ஊற்றி 12 முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். மூடியில் ஒரு துணி கட்டினால் மேலே நீர் சொட்டாது.

ஆறியதும் பிட்டுப் பார்க்கட்டும். நான்குமே உப்பியிருக்கும், ஏனென்றால் உப்ப வைத்தது பேக்கிங் பவுடர். வெறும் பால் ஊற்றியது பெரும்பாலும் பொலபொலவென்று உதிரும், முட்டை இல்லாத குறை அங்கேதான் தெரியும். தயிர் போட்டது மென்மை, பழம் போட்டது கனம், ஆளிவிதையில் பழுப்புப் புள்ளியும் லேசான எள் வாசனையும் வரும். ஆளிவிதையை நான் பிஸ்கட்டுக்குத்தான் வைத்துக்கொள்வேன். பிறந்தநாள் கேக்குக்குத் தயிர்: ஒரு முட்டைக்குக் கால் கப், பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை உண்டு. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், ஆனால் அன்றைக்கு உப்பு மட்டும் போடக்கூடாது. கொழகொழவென்று வற்றியதைக் குளிரவைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு மின்சார பீட்டரால் பத்து நிமிடம் அடித்தால், அடித்த முட்டை வெள்ளைக்கரு போலவே வெள்ளைவெளேரென்று நுரைத்து நிற்கும். 2014-இல் ஜோயல் ரோஸ்ஸல் என்ற பிரெஞ்சுப் பாடகர் கவனித்த விஷயம் இது. நம் வீட்டில் எத்தனை நவராத்திரிக்கு அதை வடித்துக் கொட்டியிருப்போம்! கையால் அடிக்க முயன்றால் தோள்பட்டை கழன்றுவிடும், குழந்தைக்கும் பொறுமை போய்விடும்.

சரி, இரண்டு எச்சரிக்கை. முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மாவை நக்கவிடாதீர்கள், வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம். அப்புறம், கடையில் வாங்கும் கிரீம், சாக்லேட், தூவுகிற மிட்டாய் எல்லாவற்றின் அட்டையையும் படியுங்கள். பச்சை வட்டம் போட்டிருந்தால் முட்டை சேர்க்கவில்லை என்று பொருள், ஆனால் முட்டை கையாளும் அதே இயந்திரத்தில் செய்திருக்கலாம், அது பொடி எழுத்தில்தான் இருக்கும். ஆளிவிதையோ கொண்டைக்கடலையோ இதுவரை சாப்பிட்டதே இல்லையென்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறந்தநாளுக்கு நன்றாக முன்னதாகவே துளி கொடுத்துப் பாருங்கள்.