வங்கியாளர் அரசுக்கு வந்தால்

அன்புள்ள ஐயா,

கனடா பிரதமர் மார்க் கார்னியைப் பற்றி மதிப்போடு எழுதியிருந்தீர்கள். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் 13 வருடம், பிறகு மத்திய வங்கி, பிறகு புரூக்ஃபீல்டு என்ற முதலீட்டு நிறுவனம், இப்போது பிரதமர் நாற்காலி. பெருமுதலாளிகளின் ஆள் அரசுக்குள் வந்து போவதைப் பொதுச்சேவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் பதவிப் பட்டியலை வைத்து அதைத் தீர்க்க முடியாது. அந்தந்த நாற்காலியில் இருந்தபோது என்ன செய்தார் என்று பார்ப்போம்.

2003-ல் கோல்ட்மேனை விட்டு, கனடாவின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் கனடாவின் துணை ஆளுநரானார். அடுத்த வருடமே நிதியமைச்சகத்தில் மூத்த அதிகாரி. அப்போது கனடாவில் 'இன்கம் டிரஸ்ட்' மோகம். கம்பெனி தன்னை டிரஸ்டாக மாற்றிக்கொண்டு லாபத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், கம்பெனி வரியே கிடையாது. 2006-ல் டெலஸ், பி.சி.இ. போன்ற பெரிய தொலைபேசி நிறுவனங்களே அப்படி மாறப்போவதாக அறிவித்தன. அக்டோபர் 31 மாலை நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி டிரஸ்டுகளுக்கு வரி போட்டு அந்த வழியை அடைத்தார். வரி போட மாட்டோம் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்த கட்சியின் அரசு அது! மறுநாள் டிரஸ்டுகளின் விலை சரிந்தது, சந்தை கொதித்தது. இந்த முடிவுக்குப் பின்னால் உழைத்த அதிகாரிகளில் கார்னி முக்கியமானவர். சந்தையின் ஏஜென்ட் செய்கிற வேலையா இது?

2008-ல், உலக நிதி நெருக்கடியின்போது, பேங்க் ஆஃப் கனடாவுக்கே ஆளுநரானார். 2009 ஏப்ரலில் வட்டியை 0.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே இறக்க இடமில்லை. அப்போது, பணவீக்கம் கைமீறாதவரை 2010 ஜூன் முடிவுவரை இதே வட்டிதான் என்று தேதி போட்டுச் சொன்னார். மத்திய வங்கிகள் வழக்கமாக இப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளைக்கு வட்டி ஏறுமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் கடன் கொடுப்பவர் விலை வைக்கிறார். அந்தப் பயம் போனால் நீண்டகாலக் கடனும் மலிவாகும். சந்தையில் இருந்து பழகியவருக்கே சட்டென்று தோன்றும் யோசனை இது என்று நினைக்கிறேன். பொருளாதாரம் தேறியதும், கெடு முடியும் முன்பே, ஜூன் 1 அன்று வட்டியை ஏற்றவும் செய்தார். அந்த நெருக்கடியிலிருந்து கனடா தப்பியதற்கு அவர் ஒருவரே காரணம் என்பது மிகைதான். அங்கே வங்கி விதிகள் முன்பே இறுக்கமாக இருந்தன.

அப்புறம் ஏழு வருடம் பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து. 1694-ல் தொடங்கிய அந்த வங்கிக்கு முதல் வெளிநாட்டு ஆளுநர். அதைத் தனியாக எழுதுகிறேன்.

எனக்கும் உறுத்துவது 2020-ல் அவர் சேர்ந்த புரூக்ஃபீல்டுதான். பிரதமரானபோது சொத்துகளைப் பிளைண்டு டிரஸ்டில் வைத்தார்; நிர்வாகம் இன்னொருவர் கையில். புரூக்ஃபீல்டு தொடர்புள்ள நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பற்றிய முடிவுகளில் அவர் ஒதுங்கியிருக்கவும் ஏற்பாடு உண்டு. சரி, விதிப்படி குறையில்லை. ஆனால் மின்சாரம், கட்டடம், அணுசக்தி என்று அந்த நிறுவனம் கால்வைக்காத இடம் குறைவு. அங்கெல்லாம் பிரதமர் ஒதுங்கிக்கொண்டால் மக்கள் யாரைப் பிடித்துக் கேள்வி கேட்பார்கள்? அத்தனையையும் விற்றுவிட்டே அவர் பதவிக்கு வந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.